நாற்பத்து மூன்று காலடிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, தோலின் மேல் கிடந்த அந்த நாற்பத்து மூன்று காலடிகளும் என் தம்பி பட்டுராஜ் வைத்தவை இல்லை. நான் வைத்தவை. பெயர் பூக்கனி, வயது ஐம்பத்து இரண்டு, செம்பரல்விளை தோல்காவல் நிலையத்தில் ஒட்டுக்காரி. ஊரார் தெரியாமல் வைத்த காலடிகளைத் தேடிப்போய் ஒட்டுப் போடுவதுதான் என் உத்தியோகம். வேலியே பயிரை மேய்ந்தது என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன், போதுமா?

பாலைவனம் என்றால் ஒட்டகத்தையும் ராஜஸ்தானையும் நினைப்பவர்களுக்கு எங்கள் தேரி தெரியாது. திருச்செந்தூருக்கு மேற்கே சிவப்பு மண் மேடு மேடாகக் கிடக்கும். ஒரு காலத்தில் அதில் பனையும் முந்திரியும் நின்றன. மழை பொய்த்து, மரங்கள் பட்டுப்போன பிறகு அந்த மண் நடக்கத் தொடங்கியது. இரண்டு தெருக்களைத் தின்றது. காலையில் வாசலில் இடுப்பளவு மண் கிடக்கும், கதவை வெளியே தள்ள முடியாது. அதனால் ஊரில் எல்லாக் கதவுகளையும் உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி வைத்தோம். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் லாரியில் டாங்க் கொண்டுவந்து ஊரைச் சுற்றியுள்ள தேரியில் எதையோ தெளித்தார்கள். பாசியும் பூசணமும் கலந்து செய்த ஓர் உயிர். இரண்டு வருடத்தில் கருகின தோசை மாதிரி மண்ணின் மேல் ஒரு ஏடு படிந்தது. அதைத்தான் தோல் என்கிறோம். அதிகாலைப் பனியில் அரை மணி நேரம் பச்சையாக இருக்கும், பிறகு கறுத்துவிடும். மண் அன்றோடு நின்றது. ஊர் பிழைத்தது. அதை நான் மறுக்கமாட்டேன், தின்ற சோற்றுக்குத் துரோகம் பேசக்கூடாது.

ஆனால் தோலை மிதிக்கக் கூடாது. ஒரு காலடி பட்டால் அந்த இடத்தில் அது செத்துப்போகும். அதனால் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு பலகைப் பாதை போட்டோம். ஓர் ஆள் அகலம்தான். சுடுகாட்டுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஒருவர் பின்னால் ஒருவர். பிள்ளைகள் பந்து விளையாடினால் அது தோலில் விழுந்த அன்றைக்கே அந்தப் பந்துக்குக் கருமாதி. பலகையில் நின்று பார்த்தால் பதினாறு பந்துகள், ஒரு பிளாஸ்டிக் குடம், யாரோ மாப்பிள்ளையின் தலைப்பாகை எல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியாது. திருச்செந்தூர் கடற்கரையில் கொண்டு விட்டாலும் வரிசையாகத்தான் நடப்பார்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

போன ஆனி மாதம் எபநேசர் என்று புது அதிகாரி வந்தார். நாகர்கோவில்காரர், நல்ல மனிதர், இன்னும் முப்பது தாண்டவில்லை. வந்த மூன்றாம் நாள் டிரோன் எடுத்த படத்தை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, இது யாரு காலு?"

"என் தம்பி காலு சார். பட்டுராஜ். தேரிக்குள்ள போனான், வரல."

"எப்ப?"

"பதினோரு வருசம் ஆச்சு."

"பதினோரு வருசமா இத ஒட்டாமலா வச்சிருக்கீங்க? அன்னன்னைக்கு ஒட்டுத வேலைதானே உங்களுக்கு?"

"ஊர்க்கமிட்டி விதி சார். தெரியாம தோல்ல எறங்கினவன் தன்னோட காலடியிலயே கால வச்சுத் திரும்பி வரணும். அப்பத்தான் புதுசாத் தோல் சாகாது. போனவன் வரலைன்னா, அவன் வார வழிய மூடக்கூடாதும்பாவ. வீட்டு ஆள் சம்மதிக்காம நாங்க கை வைக்க மாட்டோம்."

"வீட்டு ஆளு யாரு?"

"அவன் பொண்டாட்டி. சந்தனமாரி."

அவர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இருபதாவது காலடியிலிருந்து இருபத்தாறு வரை தனித்தனிக் குழிகளாக இல்லை. ஒன்றாகச் சேர்ந்து ஒரே பள்ளமாக இருந்தது.

"செத்த எடத்துல காத்து வெரல விட்டு நோண்டிக்கிட்டே இருக்கும் அக்கா. பதினோரு வருசம் நோண்டியிருக்கு. இப்ப கண்ணு தொறந்துட்டு. ஆடி பொறக்க இன்னும் பன்னெண்டு நாள். அந்தக் காத்துல இது வாயத் தொறந்தா மொத மண்ணு எங்க வரும்னு நெனைக்கீங்க? பள்ளிக்கூடத்துக்கு."

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். பள்ளிக்கூடம் எம்மாத்திரம்?

"அவங்ககிட்ட நீங்களே பேசி சம்மதம் வாங்குங்க," என்றார். "ஒட்டுறதுக்கு முன்னால விதிப்படி நான் அளவெடுக்கணும். கால் நீளம், எட்டு வைக்கிற தூரம், ஆழம். ஆழத்த வச்சு ஆளோட எடைகூடச் சொல்லிரும் இந்தக் கருவி. பதினோரு வருசம்னாலும் ஓரத்துத் தோலு அச்சை அப்படியே பிடிச்சு வச்சிருக்கும்."

என் தம்பி எண்பத்து இரண்டு கிலோ. நான் அன்றைக்கு நாற்பத்தாறு. வேண்டுமென்று தோலை மிதித்தவருக்கு எங்கள் ஊரில் ஒரே தீர்ப்பு. தண்ணீர் அட்டையைப் பிடுங்கி, ஏழு நாளில் பஸ் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வரவே முடியாது.

ஏன் மிதித்தேன் என்று கேட்பீர்கள்.

பட்டுராஜுக்கும் மாரிக்கும் கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஒருநாள் உச்சி மதியம், ஊரே கதவடைத்துக் கிடந்த நேரத்தில், அவன் ஒரு பையோடு பஸ் நிலையத்துக்குப் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். "என்னால இந்தப் பலகையில நடக்க முடியலக்கா," என்றான். "கால அகட்டி வைக்க முடியல. நான் வரமாட்டேன்."

"மாரிகிட்ட என்னலே சொல்ல?"

"நீயே எதையாவது சொல்லு."

ஏழு வருடம் குடித்தனம் நடத்தினவளுக்கு அவன் விட்டுப்போன சொல் அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். நான் அங்கேயே நின்று அழுதேன். அவனுக்காக அழவில்லை. புருஷன் விட்டுப்போனவளை எங்கள் பக்கம் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் சொந்த அத்தை அந்தப் பேச்சிலேயே தேய்ந்து செத்தவள். செத்தவன் பெண்டாட்டி என்றாலாவது ஊர் இரக்கப்படும், இரண்டு வருடத்தில் யாராவது நல்லவன் கேட்டு வருவான், அவளும் வாழ்ந்துவிடுவாள். இப்படிக் கணக்குப் போட்டது என் மூளை.

அவன் வீட்டு வாசலில் கிடந்த டயர் செருப்பை மாட்டிக்கொண்டேன். ஒட்டுக்காரிகள் தோலின் மேல் போக எங்களுக்கு ஒரு வண்டிப்பலகை உண்டு. காற்றடைத்த பெரிய சக்கரங்கள், மேலே குப்புறப் படுத்துக்கொண்டு கையால் உந்த வேண்டும், தோல் நோகாது. அதைக் கயிறு கட்டிப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு, தோலில் இறங்கி நடந்தேன். ஒவ்வோர் எட்டுக்கும் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தோல் முடிகிற மேடு வரை நாற்பத்து மூன்று எட்டு. அதற்கு அப்பால் வெறும் தேரி, அங்கே எந்தக் காலடியும் ஒரு மணி நேரம் தங்காது. மேட்டில் வண்டியில் படுத்து ஊருக்குத் திரும்பிவிட்டேன். செருப்பை வேறொரு ஒட்டுக்கு அடியில் புதைத்தேன்.

சாயங்காலம் ஊர் கூடிவிட்டது. நாலு நாள் வெளிப்பாதையில் ஜீப்பில் தேடினார்கள். வெயில் மூளையைக் கலக்கிவிட்டது, தேரி தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது, மாரி ஒருத்தியைத் தவிர.

ஐந்தாம் நாள் அவள் மேற்குப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். "அவிய வருவாவ. இந்தக் காலடியிலதான் வருவாவ. ஒருத்தரும் தொடக்கூடாது," என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். நான் சாவு என்று எழுதி வைத்ததை அவள் காத்திருப்பு என்று வாசித்துக்கொண்டாள். தினமும் காலையில் தோல் பச்சையாகிற அந்த அரை மணி நேரம் அங்கேயே நிற்பாள். மூன்று அதிகாரிகள் வந்து சம்மதம் கேட்டார்கள். மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டினாள். பஸ் டிரைவர் ஞானதுரை, மனைவியை இழந்தவர், தங்கமான ஆள், மூன்று வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். ஊர் அவளைக் கிறுக்கச்சி என்றது.

இப்போது அசிங்கமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஒவ்வொரு முறை மறுத்தபோதும் எனக்கு நெஞ்சு வலித்தது. கூடவே, அளவெடுக்கமாட்டார்கள் என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

பட்டுராஜ் மும்பையில் இருக்கிறான். மிக்சர் கடை, இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்வான். "அவ எப்படியிருக்கா?" என்று அவன் கேட்டதே இல்லை.

எபநேசர் சொன்ன மறுநாள் காலையில் மாரியைத் தேடிப் போனேன். வழக்கம் போல மேற்குப் பலகையில் நின்றிருந்தாள். தோல் பச்சையாக இருந்தது. கண் திறந்த இடம் மட்டும் சிவப்பு. காற்று லேசாக வந்தால்கூட அதன் விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பின்னால் பள்ளிக்கூடத்தில் அதிகாலைத் தனிவகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி மாரி, இத மூடணும். பிள்ளைய படிக்கிற எடம்."

"தெரியும் மதினி."

"பெறவு என்ன?"

"அளவெடுப்பானே."

இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. பலகையில் உட்கார்ந்தேன். "மாரி, நான் ஒனக்கு ஒரு பாவம் செஞ்சிருக்கேன். அந்தக் காலடி அவனுது இல்ல. அவன் தேரிக்குள்ள போகவே இல்ல. நான்தான்..."

"நீங்கதான் நடந்திய. தெரியும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, தோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொல்லுத?"

"ஏழு வருசம் அவியளுக்குப் பின்னால இந்தப் பலகையில நடந்தவ மதினி நான். இந்த ஊர்ல புருசன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவ நடந்தா? குதிங்காலத்தான பாத்தோம். அவிய ஒரு எட்டு வச்சா எனக்கு ஒண்ணரை எட்டு. எடது கால வெளியே தள்ளித்தான் வைப்பாவ. இந்தக் காலடி நேரா இருக்கு, நெருங்கி இருக்கு. செருப்பு மட்டுந்தான் அவியளுது. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. பொம்பளை நடைன்னு. இந்த ஊர்ல தோல்ல எறங்கிப்போய் காலடியில்லாமத் திரும்பி வர யாரால முடியும்? ஒங்க வண்டிப்பலகையாலதான் முடியும்."

அவளே மேலே சொன்னாள்.

"வேற ரூட்டு ஓட்டிட்டு ஒரு வாரங் கழிச்சு வந்த ஞானதுரை அண்ணனும் சொன்னாவ. ஒம் புருசன் என் பஸ்லதான் ஏறுனாரு, எதுக்கும்மா இங்கன வந்து நிக்கன்னு. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

"அடிப் பாவி! எல்லாம் தெரிஞ்சுமா பதினோரு வருசம் இங்கன காவல் கெடந்த? ஞானதுரையக் கட்டியிருக்கலாமே! எதுக்குட்டி?"

"எப்படிக் கட்ட? நான் இன்னொருத்தரக் கட்டணும்னா அவிய வரமாட்டாவன்னு இத மூடணும். மூடணும்னா அளக்கணும். அளந்தா ஒங்கள பஸ் ஏத்திருவாவ. ஒங்களுக்கு இந்த ஊர விட்டா யாரு மதினி இருக்கா?"

அவளை வாழவைக்க நான் நாற்பத்து மூன்று எட்டு வைத்தேன். என்னைக் காப்பாற்ற அவள் பதினோரு வருடத்தைக் கொடுத்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது ஒருத்தி வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். முன்னும் பின்னுமாக நடந்தே பழகின ஊர் அல்லவா, முகம் பார்த்துப் பேசத் தெரியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு நாள்கூட எனக்கு ஒங்க மேல கோவம் வரலன்னு சொன்னா அது பொய்," என்றாள். "நெறைய நாள் வந்துச்சு. ஆனா அவிய எனக்காவ ஒரு எட்டுகூட வைக்கல. நீங்க வச்சிய."

"நான் போய் எபநேசர் சார்ட்ட சொல்லிருதேன். என்னைய அனுப்பட்டும். நீ இனியாவது..."

"வயசு முப்பத்தெட்டாச்சு மதினி. இனியாவது என்ன?" என்று சொல்லி எழுந்தாள். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அளக்க வரச் சொல்லுங்க. நான் சம்மதிச்சுட்டேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். எம் மேல ஆணை."

மறுநாள் மேற்குப் பலகை நெடுக வரிசையாக ஊர் நின்றது. கிறுக்கச்சி சம்மதித்துவிட்டாள் என்றால் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்களா? எபநேசர் கருவியை வண்டிப்பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனதில் முடிவு செய்துவிட்டேன். அளந்து முடித்ததும் ஆமாம் என்று சொல்லிவிடுவது, ஆணையாவது ஒன்றாவது.

மாரி வரிசையில் எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டாள். இறங்கிவிட்டாள்.

"தோல்! தோல்!" என்று பிள்ளைகள் அலறின. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்கிற சொல் அது.

அவள் திரும்பவில்லை. முதல் காலடியில் தன் காலை வைத்து நன்றாக அழுத்தித் திருகினாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, ஒன்றின் விளிம்பைக்கூடத் தாண்டி மிதிக்கவில்லை. கண் திறந்த பள்ளத்தில் முழங்கால் வரை புதைந்து எழுந்தாள். புதிதாக ஒரு பொட்டுத் தோல்கூட அன்றைக்குச் சாகவில்லை, அதை ஒட்டுக்காரியாக நான் சொல்லுவேன். என் நடையை அவள் அவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்திருந்தாள். நாற்பத்து மூன்றும் முடிந்து மேட்டின் மேல் நின்றபோது அளப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. எல்லாம் அவள் கால்.

பிறகு அதே வழியில், அதே காலடிகளில் திரும்பி வந்தாள். அந்தக் காலடிகளில் திரும்பி வந்தது அவள் ஒருத்திதான்.

எபநேசர் வெளிறிப்போய் நின்றார். "என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க! எல்லார் முன்னாலயும்! இனி நான் என்ன செய்ய முடியும்?"

"விதி என்னமோ அதச் செய்யுங்க சார்," என்றாள் மாரி.

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்த பார்வை. பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "பேசினியன்னா பதினோரு வருசமும் வீணாப்போயிரும் மதினி." நான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தினால் மூடினேனா, அவளுக்காக மூடினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

நாலே நாளில் காலடிகளை மூடினேன். பள்ளத்தில் வலை விரித்து, மண் நிரப்பி, விதைப்பசை தடவி, ஈரச் சாக்கு போட்டு. வழக்கமாக ஓர் ஒட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். இவற்றுக்கு அதிகம் பிடித்தது. வெறுங்காலின் விரல் அச்சு ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகத் தெரிந்தது. அதன் மேல் பசை தடவ எனக்குக் கை வரவில்லை. ஆடிக் காற்று வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கைப்பிடி மண் வரவில்லை.

ஏழாம் நாள் மதியம் மாரிக்குப் பஸ். கோவில்பட்டியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை, தங்க இடமும் தருகிறார்களாம். ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை. வழியனுப்ப என்னைத் தவிர யாரும் வரவில்லை. பலகையில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால். அப்போதுதான் அவள் குதிங்காலை முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தேன். வெடித்திருந்தது. வலது கால் எட்டு இடது காலை விடச் சற்றுச் சின்னது. இத்தனை வருடம் பார்த்ததில்லை.

பஸ் நிலையம் சிமெண்டுத் தரை, பத்துப் பேர் கைகோத்து நடக்கலாம். பலகை முடிந்து அதில் ஏறிய பிறகும் அவள் முன்னால், நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். பாதி தூரத்தில் அவள் நின்றாள்.

"மதினி, இங்கன தோல் இல்லல்லா? பக்கத்துல வாங்க."

போனேன். நாலு எட்டு நடந்திருப்போம். தோள் இடித்தது. என் கால் அவள் காலில் தடுக்கியது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி சரியாக நடந்து பார்க்கலாம் என்று அவள் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.